தாமரைக்கு அடியில் இருந்த பாட்டில்

இனிப்பாக நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்தார்கள். அச்சுத் தொழிலில் இப்போது இருக்கும் இளவட்டங்கள் சேர்ந்து மலர் ஒன்று போடுகிறார்களாம். ஓய்வு பெற்ற மெஷின்மேன் என்ற முறையில் என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். "அண்ணாச்சி, அந்தக் காலத்துப் பாப்பா புக்கப் பத்தி எழுதுங்க. இப்ப அதுக்குத்தான் மவுசு. தாமரைப் பக்கத்த மட்டும் விட்டுராதீக" என்றார்கள்.

விடமாட்டேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் இனிப்பாக வராது. வயிறு எரிகிறவனிடம் இனிப்புக் கேட்டால் எங்கே போவான்? போடுவதானால் முழுசாகப் போடுங்கள். இங்கே கொஞ்சம் வெட்டி, அங்கே கொஞ்சம் ஒட்டுகிற வேலை வேண்டாம். வெட்டி ஒட்டியதால் வந்த வினையைத்தான் சொல்ல வருகிறேன்.

பாப்பா புக் என்பது எட்டுப் பக்கத்தில் ஒரு குட்டிப் படப் புத்தகம். சோப்பு, பல்பொடி, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், எது வாங்கினாலும் கடைக்காரர் அதோடு சேர்த்து இலவசமாகக் கொடுப்பார். அதில் ஒரு பாப்பா காலையில் எழுந்திருக்கும், பல் துலக்கும், குளிக்கும், சாப்பிடும், விளையாடும், தூங்கும். எல்லாப் பக்கத்திலும் ஏதாவது ஒரு மூலையில் கம்பெனியின் சாமான் இருக்கும். கீழே இரண்டு வரிப் பாட்டு. அம்மா சாமானை வாங்குவாள், பிள்ளை புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அடுத்த மாதம் கடைக்குப் போனால் பிள்ளையே அந்தச் சாமானைக் கைகாட்டி அழும். "பிள்ளையப் பிடிச்சா தாய் தானா வருவா" என்று எங்கள் முதலாளி சொல்வார். சிவகாசியில் காலண்டர், டைரி, பட்டாசு லேபிள் அடிக்கிற சீசன் முடிந்து மெஷின் சும்மா நிற்கும் மாதங்களில் இந்தப் பாப்பாதான் எங்களுக்குச் சோறு போட்டாள். அதை நான் மறுக்கவில்லை.

நான் வேலை படித்த கதை பெரிய கதையில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறவில்லை. அப்பா என்னைக் கொண்டுபோய் ஆஃப்செட் மெஷின் ரூமில் விட்டுவிட்டு வந்தார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ரோலர் கழுவினேன், தாள் அடுக்கினேன், திட்டு வாங்கினேன், ஒரு நாள் மெஷினில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். இடையில் கொஞ்ச காலம் போக, ஓய்வு பெறும்வரை நின்றேன்.

ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. மெஷின்மேன் படத்தைப் பார்க்க மாட்டான். அப்போது ஒரு தாள் முழுசாக வர மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு என்று தனித்தனியாக மெஷினுக்குள் போய்வர வேண்டும். ஒரு கலர் மயிரிழை விலகினாலும் பாப்பாவுக்கு இரண்டு உதடு வந்துவிடும். அதனால் தாளின் ஓரத்தில் கூட்டல் குறி மாதிரி ஓர் அடையாளம் போட்டிருப்பார்கள். நாலு கலர் கூட்டல் குறியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம். உட்கார்ந்திருந்தால் தாள் சரி. நடுவில் சாமி இருந்தாலும் பிசாசு இருந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். பிளேட், அதாவது அச்சுத் தகடு, போடுகிறவன் புள்ளியைப் பார்ப்பான். பைண்டிங்கில் இருக்கும் பெண்கள் மடிக்கிற கோட்டைப் பார்ப்பார்கள். எல்லோரும் கண்ணை விரித்துக்கொண்டு வேலை செய்தோம், படத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. அவசரத்தில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

இன்னொன்று, சாமான் மாற்றுவது. ஒவ்வொரு கம்பெனிக்கும் புதுசாக ஒரு பாப்பா வரைவதென்றால் ஆர்ட்டிஸ்ட்டுக்கு நாள் பிடிக்கும். எனவே எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பாப்பாதான். படம் பதிந்த பழைய ஃபிலிமை எடுப்பார்கள், பாப்பா கையில் இருப்பதைப் பிளேடால் சுரண்டுவார்கள், அந்த ஓட்டையில் புதுக் கம்பெனியின் சாமானை உட்கார வைப்பார்கள். விரல் மடங்கியிருக்கிற விதத்துக்குத் தோதாக டப்பாவையோ பாட்டிலையோ கொஞ்சம் சாய்த்து வைத்தால் போதும், ஆர்டர் முடிந்தது. ஒருமுறை பிஸ்கட் கம்பெனிக்கு வரைந்த பாப்பாவைச் சோப்புக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். வாயை ஆவென்று திறந்துகொண்டு பாப்பா சோப்பைக் கடிக்கப் போகிறாள்! அச்சான பிறகு பைண்டிங்கில் யாரோ ஒருத்தி பார்த்துவிட்டுச் சிரிக்க, அந்தச் சிரிப்பு மெஷின் ரூம்வரை வந்தது. சோப்புக்காரருக்கும் சொன்னோம். அவரும் சிரித்தார். "அம்புட்டு ருசியான சோப்புன்னு நினைச்சுக்கிடட்டும்" என்றார். அதோடு போயிற்று.

எங்கள் பெரிய முதலாளியைப் பற்றிச் சொல்கிறேன். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மெஷின் ரூமுக்குள் செருப்பு போட்டு வரமாட்டார். வாசலில் கழற்றிவிட்டு, மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் நுழைவார். அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். அப்புறம் கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்து மை ஒட்டுகிறதா என்று பார்ப்பார். அவரும் படத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. ஆணுக்கெல்லாம் "தம்பி", பெண்ணுக்கெல்லாம் "தாயி". வேலைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தானே வந்து, பந்தியில் உட்கார்ந்து, இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுப் போவார். நல்ல மனிதர் என்றுதான் நானும் ஊரும் நினைத்திருந்தோம்.

சனிக்கிழமை சம்பளம். சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே வரும் வழியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அதில் அந்த வாரம் வீணான தாள்கள் இருக்கும். கலர் சேர்வதற்கு முன்னால் முதலில் ஓடுகிற தாள்கள், ஓரம் கிழிந்தவை, மடிப்புக் கோணலானவை. வரிசையாக வருகிறவர்களுக்கு அவர் கையாலேயே எடுத்துக் கொடுப்பார். "பிள்ளைக்குக் கொண்டு போ தாயி." எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் சாமி படத்தில்தான் அட்டை. பரணில் விரித்தது பட்டாசு லேபிள். அவர் கையால் வாங்குவதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. என்னத்தைச் சொல்ல!

பாக்கியம் பைண்டிங்கில் மடிக்கிற வேலை பார்த்தாள். ஊர்ப் பக்கம் வயல்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம், மழை ஏமாற்றியதும் சிவகாசிக்கு வந்தவர்கள். புருஷன் லாரியில் லோடு ஏற்றுவான். ஒரே பெண் பிள்ளை, பெயர் மாரீஸ்வரி, அப்போது மூன்று வயது இருக்கும். பாக்கியத்துக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். "அண்ணே, ஒங்க மெஷினு எனக்குப் பின்னாலதான் ஓடுது, கொஞ்சம் வெரசா ஓட்டுங்க" என்று என்னைக் கேலி பண்ணுவாள்.

ஒரு டானிக் கம்பெனிக்குப் பாப்பா புக் போட்டிருந்தோம். அதில் ஆறாம் பக்கத்தில் பாப்பா தலையைப் பின்னால் சாய்த்து, சின்னப் பாட்டிலை வாயில் கவிழ்த்து டானிக் குடிப்பாள். பக்கத்தில் அம்மா இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்பாள். அடுத்த வருஷம் தரையும் கக்கூஸும் கழுவுகிற மருந்து தயாரிக்கும் கம்பெனி ஒன்று ஆர்டர் கொடுத்தது. பெயர்தான் மருந்து, உள்ளே இருந்தது ஆசிட். பாட்டிலின் மேல் ஒரு மைனா படம். அவர்களுக்கும் பாப்பா புக் வேண்டும், தீபாவளிக்கு முன்னால் வேண்டும். டானிக் ஃபிலிமை எடுத்தார்கள். டானிக் பாட்டிலும் இதுவும் ஒரே உயரம், ஒரே பழுப்பு நிறம். ஆர்ட்டிஸ்ட்டுக்குப் பாதி வேலை மிச்சம். லேபிளை மட்டும் சுரண்டி மைனாவை ஒட்டினார். புரூப் என்று மாதிரித் தாள் போயிற்று, கம்பெனிக்காரன் மைனாவின் மஞ்சள் மூக்கு இன்னும் எடுப்பாக இருக்கட்டும் என்று திருத்தம் சொன்னான். சொன்னபடி எடுப்பாக்கினோம். கூட்டல் குறி நாலும் அழகாக உட்கார்ந்தது. மெஷின் ஓடியது. ஒரு பிள்ளை ஆசிட் குடிக்கிறது, பெற்றவள் பார்த்துச் சிரிக்கிறாள். இதை நாங்கள் அடுக்கடுக்காக அடித்துத் தள்ளினோம்.

கலர் பார்ப்பதற்காக அந்தக் கம்பெனி ஒரு பெட்டி நிறையச் சின்ன சாம்பிள் பாட்டில் அனுப்பியிருந்தது. ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஒன்று போதும். மீதியைச் சனிக்கிழமை மேசையில் அடுக்கி வைத்தார் முதலாளி. ஆளுக்கு ஒரு பாட்டில், பிள்ளை உள்ளவர்களுக்கு ஒரு பாப்பா புக், அதுவும் மடிப்புப் பிசகியது. பாக்கியம் எனக்கு முன்னால் நின்றாள். "மக எப்படி இருக்கா தாயி? இந்தா, அவளுக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு" என்று இரண்டையும் அவள் கையில் வைத்தார். நான் பின்னால் நின்று என் முறைக்குக் காத்திருந்தேன். இந்தக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாக்கியம் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது, மைனா தெரியும். புத்தகத்தில் பார்த்த மைனா அலமாரியின் கீழ்த்தட்டில் நிற்கிறது. எடுத்துத் திறந்து, படத்தில் இருப்பது போலவே தலையைச் சாய்த்திருக்கிறாள். பிள்ளையைப் பிடித்தால் தாய் வருவாள் என்றார்களே, பிள்ளையைச் சரியாகத்தான் பிடித்தார்கள்.

முதலில் ஊர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி. உயிர் தங்கியது. தொண்டையும் உணவுக் குழாயும் வெந்து போயின. ஆறும்போது குழாய் சுருங்கிவிட்டது. வாய்வழியாக ரப்பர் குழாய் விட்டு விரிக்க வேண்டும், கொஞ்ச நாளில் மறுபடி சுருங்கும், மறுபடி விரிக்க வேண்டும். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே தாயின் சேலையைப் பல்லால் கடித்துக்கொள்ளுமாம்.

திங்கட்கிழமை காலையில் சேதி அச்சகத்துக்கு வந்தது. நான் அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவினேன். அன்றுதான் அந்தப் படத்தை முதன்முதலாகப் படமாகப் பார்த்தேன். நேராக முதலாளி அறைக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். "ஆறாம் பக்கம் பாருங்க முதலாளி" என்றேன். பார்த்தார். மெஷினை நிறுத்தச் சொன்னார். நல்ல வேளையாக ஒரு கட்டும் வெளியே போயிருக்கவில்லை.

அதுவரைக்கும் அவரை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள்.

அச்சானதை எரித்துவிடுவார் என்று நினைத்தேன். எரிக்கவில்லை. தீபாவளி கிட்டே வந்துவிட்டது, காகிதம் கிடைக்காது, கம்பெனிக்காரனிடம் சொன்னால் ஆர்டரே போய்விடும். ஆர்ட்டிஸ்ட்டைக் கூப்பிட்டார். நாங்கள் வருஷா வருஷம் அடிக்கிற மகாலட்சுமி காலண்டரில் லட்சுமி கையில் ஒரு தாமரை இருக்குமே, அந்தப் பூவை மட்டும் தனியாக அடிக்கச் சொன்னார். பைண்டிங் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து, தாமரையைக் கத்தரித்து, மைதாப் பசை தடவி, ஒவ்வொரு புத்தகத்திலும் பாட்டிலின் மேல் ஒட்டினார்கள். பாக்கியத்தோடு ஒன்றாகச் சோறு தின்ற பெண்கள்தான் ஒட்டினார்கள். அழுதுகொண்டே ஒட்டினார்கள். பாப்பா தலையைச் சாய்த்து வாயில் தாமரையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே கடைகளுக்குப் போயிற்று. இன்றைக்கு மவுசு என்கிறீர்களே, அந்தத் தாமரைப் பக்கம் பிறந்த கதை இதுதான்.

அடுத்த வாரம் அந்த ஆசிட் கம்பெனியின் ஆள் ஒருவன், ஆஸ்பத்திரிச் சேதி கேள்விப்பட்டு மதுரையிலிருந்து வந்தான். தங்கள் சாம்பிள் ஒரு பிள்ளை கைக்கு எப்படிப் போயிற்று, அச்சகம் கொடுத்ததா என்று கேட்டிருக்கிறான். கொடுத்ததாகச் சொன்னால் போலீஸ், கேஸ், நஷ்ட ஈடு எல்லாம் அச்சகத்தின் தலையில். கொடுக்கவில்லை என்றால்? எடுத்துக்கொண்டு போனாள் என்றுதானே அர்த்தம்! மறுநாள் வாசல் பலகையில் எழுதிப் போட்டார்கள். வீண் தாளும் சாம்பிளும் திருடிய குற்றத்துக்காகப் பாக்கியம் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். பிள்ளை மதுரையில் கட்டிலில் கிடக்கிறது, தாய்க்கு இங்கே திருடிப் பட்டம். நல்லா இருக்கே நியாயம்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் மறைக்கவே இல்லை, எல்லோருடைய இலையிலும் ஆளுக்கொரு துண்டு போட்டுவிட்டார். அத்தனை பேர் வீட்டிலும் அதே புத்தகம், அதே பாட்டில். கொடுத்தார் என்று ஒருத்தி வாயைத் திறந்தால், நீயும் திருடினாயா என்று கேள்வி வரும். அன்று சாயங்காலம் எங்கள் தெரு ஓடையில் மைனா பாட்டில்களாகக் கிடந்தன. வாய் மட்டும் ஒருவருக்கும் திறக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அறைக்குப் போனேன்.

"முதலாளி, நீங்கதான குடுத்தீக?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்னால் கிடந்த தாளைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "எத தம்பி?"

"பாக்கியத்துக்குப் புக்கையும் பாட்டிலயும். பின்னால நான்தான நின்னேன். மக எப்படி இருக்கான்னு கேட்டுக் குடுத்தீக."

"நான் எம்புட்டோ பேருக்கு எம்புட்டோ குடுத்திருக்கேன் தம்பி. எல்லாமா ஞாபகம் இருக்கும்?"

"அவளுக்கு ஞாபகம் இருக்கு. எனக்கும் இருக்கு."

"ஒனக்கும் பிள்ளைக இருக்கு. அத மொதல்ல ஞாபகம் வச்சுக்க" என்றார். அதே தணிந்த குரல், அதே தம்பி. சத்தம் போட்டு அடித்து விரட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. "ஒங்க கையால குடுத்தத ஒங்க வாயால திருட்டுன்னு சொல்லுதீகளே, வெளங்குமா?" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். மறுநாளே என்னை மெஷினிலிருந்து எடுத்துக் காகிதக் குடோனில் போட்டார்கள். புது மெஷின் வந்து, ஓட்டத் தெரிந்த ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிடும்வரை அங்கேதான் கிடந்தேன். என் கதை கிடக்கட்டும், எனக்குச் சோறு இருந்தது.

பாக்கியம் வேறு அச்சகங்களில் வேலை கேட்டாள். சிவகாசி அப்போது ஒரு சின்ன வீடு, அடுப்படியில் பேசியது வாசலில் கேட்கும். "பாட்டில் தூக்குன பொம்பள நீதானா?" என்று ஓர் அச்சக வாசலில் கேட்டிருக்கிறார்கள். கை வேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை, அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. கடைசியில் தீப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்தாள், அப்புறம் பட்டாசுக்குப் போனாள். விடிகாலையில் கம்பெனி வேனில் ஏறி, எதற்கும் துணிந்தவர்கள்தான் போவார்கள் என்று நான் நினைத்திருந்த, வெடிமருந்து கலக்கும் ரூமுக்குப் போய் வந்தாள். மகளை மதுரைக்குக் கொண்டு போகிற நாட்களில் லீவு கேட்டால் அங்கேயும் பேச்சு.

மாரீஸ்வரி இன்று விருதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறாள். குரல் கரகரவென்று வரும். சோற்றை ரசத்தில் கரைத்து மசித்துத்தான் விழுங்குவாள். கல்யாண வீட்டுக்கு வந்தால் மொய் எழுதிவிட்டு, மணமேடையைப் பார்த்துவிட்டு, பந்திக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "மாமா, எங்கம்மா என் தொண்டையப் பத்தி இப்ப அழுறதில்ல. அது விதின்னுட்டா. அந்தப் பலகையில எழுதினதுக்குத்தான் இன்னைக்கும் அழுவா."

இனி இந்த வருஷத்துக் கதை. பெரிய முதலாளி காலமாகிவிட்டார். மகன் நடத்துகிறார், நாங்கள் சின்ன முதலாளி என்போம், அவருக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. அச்சகத்தின் பழைய வேலைகளை வைத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் கண்காட்சி வைத்தார். சென்னையிலிருந்து பழைய விளம்பரங்கள் சேகரிக்கிற ஒரு பெண்ணை வரவழைத்து அதைச் செய்யச் சொல்லியிருந்தார். என்னையும் அழைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்தேன். சுவர் உயரத்துக்கு அந்த ஆறாம் பக்கத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: தாமரைத் தேன் பருகும் பாப்பா, ஓவியரின் கவித்துவமான கற்பனை. பக்கத்தில் ஸ்பாஞ்சில் செய்த பெரிய தாமரை ஒன்று. வருகிற தாய்மார்கள் தங்கள் பிள்ளை கையில் அதைக் கொடுத்து, தலையைச் சாய்க்கச் சொல்லி, வாய்க்கு மேலே பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஏத்தா, அத எறக்கும்மா, பிள்ள வாயில வைக்காத!" என்று போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

சென்னைப் பெண் ஓடி வந்தாள். நல்ல பிள்ளை, குற்றம் சொல்ல மாட்டேன். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "இந்தத் தாமரை ஐடியா யாரோடது சார்? உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க" என்று கேட்டாள். கண்ணாடிப் பெட்டியில் இருந்த பழைய புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். ஆறாம் பக்கத்துக்குப் பின்னால் செல்போன் விளக்கைப் பிடிக்கச் சொன்னேன். பூவுக்கு அடியில் பாட்டில் தெரிந்தது. மைனா மூக்கைக்கூட அடையாளம் பிடிக்க முடிந்தது, அவ்வளவு எடுப்பாக அடித்திருந்தோமே! நடந்ததைச் சொன்னேன். அவள் விளக்கை அணைக்கவே மறந்து நின்றாள். பிறகு, "அந்த அம்மா இருக்காங்களா?" என்றாள்.

சின்ன முதலாளியிடம் அவளே போய்ப் பேசினாள். சுவரில் உண்மையை எழுதிவிடலாம் என்றிருக்கிறாள். தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்கு டைரியோடு சேர்த்துக் கொடுக்க அந்தப் புத்தகத்தைத் தாமரையோடேயே திரும்ப அடித்து வைத்திருந்தார் அவர், அதிலும் ஒரு வரி சேர்க்கலாம் என்றிருக்கிறாள். "முடிஞ்சு போனத எதுக்குக் கிளறிக்கிட்டு? அவுகள வரச் சொல்லுங்க, மரியாதை பண்ணி அனுப்பிருவோம்" என்றாராம்.

பாக்கியத்திடம் போய்ச் சொன்னேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். "கூப்பிட்டாகளா? அவுகளாவா கூப்பிட்டாக?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தை கிடைக்கும் என்று அவளுக்கு ஓர் ஆசை. திருடவில்லை என்று அந்த வீட்டு வாயால் ஒரு வார்த்தை, வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

சின்ன முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். அப்பா மாதிரியே தணிந்த குரல். "வாங்க தாயி, உக்காருங்க. நல்லா இருக்கீகளா?" நாற்காலி போட்டார்கள். டீ, முறுக்கு வந்தது. மாரீஸ்வரி தொடவில்லை. எடுத்துக்கொள்ளும்மா என்று அவர் உபசரித்தபோது, வேண்டாம் என்ற அவள் கரகரத்த குரலைக் கேட்டுத் திகைத்தார். அப்புறம் அப்பா காலத்தைப் பற்றிப் பேசினார். எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு தான தர்மம். தொழிலாளிகளைப் பிள்ளைகளாகப் பார்த்தவர் என்றார். பாக்கியம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை வரும் வரும் என்று நானும் பார்த்தேன். வரவில்லை. பேச்சு முடிந்தது. மேசையிலிருந்து புதுசாக அடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"இது ஒங்களுக்குத்தான் தாயி. ஃப்ரீயா வச்சுக்கங்க."

பாக்கியம் எழுந்துவிட்டாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வாங்கிக்கிடுதேன் ஐயா. அதுக்கு முன்னால, நீங்கதான் குடுத்தீகன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

அவர் சிரித்தார், தமாஷ் என்று நினைத்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "ஒங்கப்பாரு குடுக்கும்போது சீட்டுக் கேக்கத் தெரியல ஐயா. நான் படிச்சவளா? இப்பக் கேக்குதேன்" என்றாள்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. சட்டைப்பையில் பேனா இருந்தும் அவர் எடுக்கவில்லை. பாக்கியம் நின்று பார்த்தாள், பிறகு மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

அவர் எழுதித் தரவில்லை. நான் எழுதித் தருகிறேன். பாக்கியம் திருடவில்லை. முதலாளி கொடுத்தார், வாங்கினாள். பின்னால் நின்று பார்த்தவன் நான். இந்தப் பக்கத்தில் எந்தப் பூவையும் ஒட்டாமல் அச்சடியுங்கள்.